ஏழு கிழமைப் பிள்ளைக்குக் கைரோபிராக்டிக் செய்யலாமா?

ஆரையம்பதி மகள்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இன்றைக்கு 7 கிழமை. முதல் பிள்ளை. பேறு கஷ்டப்பட்டுத்தான் நடந்தது, கடைசியில் தலையில் வெக்கியூம் என்ற உறிஞ்சும் கருவியை வைத்து எடுத்தார்கள். பிறக்கும்போது 2 கிலோ 900. இப்போது நிறை ஒழுங்காக ஏறுகிறது. போன முறை மிட்வைஃப் அக்கா கிளினிக் புத்தகத்தில் புள்ளி போட்டுக் காட்டினார். பிரச்சினை வேறு இரண்டு.

ஒன்று அழுகை. பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கினால் இரவு 10 மணி வரைக்கும் ஓயாது. முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி, கை இரண்டையும் பொத்திக்கொண்டு அழுவாள். பால் கொடுத்தாலும் சரி, தோளில் போட்டுத் தட்டினாலும் சரி, ஒன்றுக்கும் அடங்க மாட்டாள். ஏணையில் போட்டால் இன்னும் கூடும். நேற்று இரவு முழுக்கப் பிளாஸ்டிக் கதிரையில் அவளை நெஞ்சில் போட்டபடி இருந்தே விடிந்தது.

மற்றது கழுத்து. எப்போது பார்த்தாலும் வலது பக்கம்தான் பார்க்கிறாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் கண்ணை மட்டும் உருட்டுவாள், தலை கிறுகாது. இடது மார்பில் நன்றாகக் குடிப்பாள், வலது மார்பில் வைத்தால் உதறிவிட்டு அழுவாள். பிடரியின் வலது பக்கம் கொஞ்சம் தட்டையாகிக்கொண்டு வருவதுபோல எனக்குத் தெரிகிறது. மாமி இது நாவூறு என்கிறார். கோயிலில் நூல் கட்டியாயிற்று.

என் மச்சாள் மெல்போர்னில் இருக்கிறார். அவருடைய மகனுக்கு 2015-இல் இப்படி அழுகை வந்து கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்பவரிடம், காட்டிச் சுகமானதாம். "மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை, கையால்தான் செய்வார்கள், யோசிக்காமல் கொண்டு போ" என்று தினமும் சொல்கிறார். இங்கேயும் வெளிநாட்டில் படித்ததாகச் சொல்லும் ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து பார்க்கிறார். போனில் கேட்டேன். பிள்ளையைப் பார்க்காமலே, "வெக்கியூம் பிள்ளை என்றால் கழுத்தில் மேல் எலும்பு விலகித்தான் இருக்கும், 10 தரம் வர வேண்டும்" என்றார். ஒரு தரத்துக்கு 4500 ரூபாய். பெரியவர்களுக்குச் செய்யும் வீடியோக்களை அனுப்பினார். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, 'டக்' என்று சத்தம். அதைப் பார்த்ததில் இருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

என் கணவர் கட்டாரில். "நீ பார்த்துச் செய்" என்கிறார். சனிக்கிழமைக்கு நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கு இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போகலாமா, விடலாமா?


கோட்டைக்கல்லாறு – மெல்போர்ன்

தங்கச்சி, நானும் மெல்போர்னில்தான் இருக்கிறேன், 14 வருஷமாகிறது. உங்கள் மச்சாள் சொன்னது பொய்யில்லை. 2015-இல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் தாராளமாகச் செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

2019-இல் ஒரு வீடியோ வெளியே வந்து இங்கே பெரிய பிரச்சினையானது. இரண்டு கிழமைப் பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகிலும் கழுத்திலும் கருவியால் தட்டும் காட்சி. அன்றைக்கு அதை முழுக்கப் பார்க்க என்னால் முடியவில்லை. விக்டோரியா மாநில அரசாங்கம் உடனே விசாரணைக் குழு ஒன்றைப் போட்டது. அவுஸ்திரேலியக் கைரோபிராக்டிக் சபையும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முள்ளந்தண்டைத் தள்ளித் திருப்பும் வேலையைச் செய்யக்கூடாது என்று தன் ஆட்களுக்கு அறிவித்தது. தள்ளித் திருப்புவது என்றால், மூட்டு வழக்கமாகப் போகும் எல்லையையும் தாண்டிச் சடாரென்று ஒரு தள்ளுத் தள்ளுவது. நீங்கள் வீடியோவில் கேட்ட சத்தம் அதுதான்.

விசாரணை அறிக்கை 2019 கடைசியில் வந்தது. பிள்ளைகளுக்கு இதனால் நன்மை என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தெந்த வருத்தங்களுக்கு இதைச் செய்யவே கூடாது என்று ஒரு வரிசையும் போட்டார்கள். கைக்குழந்தை காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழும் கொலிக் அழுகை, காதில் வரும் தொற்று, முட்டு (ஆஸ்துமா), படுக்கையில் சலம் போவது எல்லாம் அதில் இருந்தன. கழுத்துத் திருகலும் இருந்தது, உங்கள் மகளுக்கு இருப்பது அதுவாக இருக்கலாம். பெரிய பாதிப்புகள் நிறைய நடந்ததாக அந்த அறிக்கை சொல்லவில்லை, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். பலன் இல்லாத வேலைக்குச் சின்ன ஆபத்தை என்றாலும் பிள்ளையின் தலையில் ஏன் ஏற்றுவான் என்பதுதான் அவர்கள் பார்த்த கணக்கு.

2023 கடைசியில் சபை அந்தத் தடையைத் தளர்த்தியது. வைத்தியர்கள் எதிர்த்தார்கள், சுகாதார அமைச்சர்கள் தலையிட்டார்கள், 2024 ஜூனில் 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான தடை திரும்ப வந்துவிட்டது. இதை மச்சாளுக்கு அனுப்புங்கள். அவரும் பிள்ளையில் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், சண்டை பிடிக்க வேண்டாம்.


படுவான்கரையான்

மகள், என் அப்பா முறிவு நெரிவு வைத்தியர். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயசாளிகளைக் கேட்டால் தெரியும். வண்டிலில் இருந்து விழுந்தவன், தென்னையில் இருந்து விழுந்தவன், பந்தடிக்கப் போய் முழங்கால் பிரண்டவன் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடப்பார்கள். நான் பத்து வயதில் இருந்து எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவன். ஆகவே கையால் செய்யும் வைத்தியத்துக்கு நான் எதிரியில்லை.

ஆனால் அப்பா கைக்குழந்தையைத் தொட மாட்டார். ஒரு முறை வாவிக்கு அங்கால் இருந்து ஒரு தாய் இரண்டு மாதப் பிள்ளையைத் தோணியில் கொண்டுவந்து, "கழுத்துப் பூட்டுப் பிசகியிருக்கு, ஒரு தடவு தடவி விடுங்க" என்று நின்றாள். அப்பா பிள்ளையை மடியில் வாங்கவே இல்லை. பாயில் கிடத்தச் சொல்லி, குனிந்து நின்று கண்ணால் பார்த்தார். "இது இன்னும் எலும்பு இல்லை மனே, குருத்து. குருத்தை நான் எங்கே கொண்டுபோய்ப் பூட்டுறது? பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். கூலியும் வாங்கவில்லை, திரும்பிப் போக அவளுக்குத் தோணிக் காசும் கொடுத்தார்.

இந்தக் கைரோபிராக்டிக் எங்கே இருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கியது. அதற்கு முன் அவர் காந்த வைத்தியம் செய்தவர். கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த, காது கேளாத ஒருவரின் முதுகில் புடைத்திருந்த இடத்தை அழுத்திக் காது கேட்கச் செய்ததாகச் சொன்னார். காதுக்குப் போகும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. அதற்குப் பிறகு நூற்றுக்கு 95 வருத்தம் முள்ளந்தண்டு எலும்பு விலகுவதால்தான் வருகிறது என்று எழுதியும் வைத்தார். பெரியவர்களின் இடுப்பு நோவுக்கு இந்த வைத்தியம் ஓரளவு சுகம் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பா ஒரு நாளும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எலும்பைக் காரணம் சொன்னதில்லை. பிள்ளையைப் பார்க்காமல் போனிலேயே எலும்பு விலகியிருக்கிறது என்று சொல்பவரிடம் நான் என் பேத்தியைக் கொடுக்க மாட்டேன்.


களுவாஞ்சிக்குடி – டொரொண்டோ

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். என் மகனுக்கு 8 கிழமையில் இங்கே நான்கு தரம் செய்தோம். கழுத்தைத் திருப்பவும் இல்லை, சத்தம் வரவும் இல்லை. மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்போமே, அவ்வளவு மெதுவாக விரல் நுனியால் அழுத்தினார்கள். மூன்றாம் கிழமை அழுகை நின்றுவிட்டது. அந்த ஒரு மாதம் நானும் அவரும் பட்ட பாட்டுக்கு அது பெரிய ஆறுதல். நல்லவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒன்றாகப் போடாதீர்கள்.


மருதமுனை உம்மா

தங்கச்சி, முதலில் சனிக்கிழமை நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

என் மகனுக்கு இப்போது 6 வயது. அவனும் வெக்கியூம் பிள்ளை. அவனும் ஒரு பக்கம்தான் பார்ப்பான், அவன் இடது பக்கம். நாங்களும் ஆறாவது கிழமை இப்படி ஒருவரிடம் கொண்டுபோனோம். ஆளும் ஊரும் வேண்டாம். வெள்ளைக் கோட்டு, சுவரில் முள்ளந்தண்டுப் படம், பேனை மாதிரி ஒரு கருவி. அதைப் பிடரியில் வைத்து டிக், டிக் என்று அமத்துவார். முதல் நாளே இரண்டு விரலை மகனின் கழுத்தில் வைத்துவிட்டு, "எலும்பு விலகியிருக்கு. இதை இப்படியே விட்டால் நாளைக்கு முட்டு வரும், பள்ளிக்கூடம் போகும் வயதிலும் படுக்கையில் சலம் போவான்" என்றார். இதைக் கேட்டு எந்த உம்மாவுக்கு நெஞ்சு பதறாது? 12 தரம் போனோம். நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு முழுக்க அதற்கே போனது.

மூன்றரை மாதத்தில் அழுகை நின்றது. நான் சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொன்னேன். இரண்டு குடும்பங்களை நானே அவரிடம் அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கிடந்து அடிக்கும்.

கழுத்து மட்டும் அப்படியே இருந்தது. "உடம்பு சீராகிக்கொண்டு வருகுது, 4 மாத ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றும் அவர் சொல்லியிருந்தார். நானும் கேட்டேன். ஊசி போடவில்லை என்றால் கிளினிக்குக்கும் போகவில்லை என்றுதானே அர்த்தம். பிள்ளையை வேறு யாரும் பார்க்காமல் போனது அதனால்தான். ஐந்து மாதம் முடிகிற நேரத்தில் மிட்வைஃப் வீடு தேடி வந்தார். ஊசிக்கு வரவில்லை என்று ஏசுவதற்கு வந்தவர், மகனின் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. "பிள்ளையின் தலையை மேலே இருந்து பார்த்திருக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவனை மடியில் இருத்தி, நான் எழும்பி நின்று பார்த்தேன். பிடரியின் இடது பக்கம் பலகை மாதிரித் தட்டை. இடது காது வலது காதை விட முன்னுக்கு நின்றது. ஐந்து மாதம் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தவள் நான், எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை டொக்டர் காதுக்குப் பின்னால் தொடங்கி நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையில் என் விரலை வைத்துக் காட்டினார். இடது பக்கம் பஞ்சு மாதிரி. வலது பக்கம் தறியில் இழுத்துக் கட்டிய பாவு மாதிரி விறைத்து நின்றது. "எலும்பு ஒன்றும் விலகவில்லை, இந்தத் தசை குறுகியிருக்கு, அதுதான் தலையை இழுக்குது" என்றார். இடுப்பையும் இரண்டு பக்கம் விரித்துப் பார்த்தார். கழுத்து இப்படி இருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டிலும் குறை இருக்குமாம். மகனுக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கண்ணில் குறை, எலும்பில் பிறவிக் குறை என்று தலை சரிவதற்கு வேறு காரணங்களும் உண்டாம். அதனால்தான் சொல்கிறேன், வைத்தியர் பார்க்காமல் யார் சொல்லியும், நான் சொல்லியும், எதுவும் தொடங்காதீர்கள்.

பிசியோதெரபி மிஸ் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். அவ்வளவு மெதுவு. மகனைப் பாயில் நிமிர்த்திக் கிடத்தி, என்னை அவன் தோளை அமத்திப் பிடிக்கச் சொன்னார். தன் உள்ளங்கையில் அவன் பிடரியை ஏந்தி, நாடியை வலது தோள் பக்கம் கொண்டுபோனார். தசை எங்கே "போதும்" என்கிறதோ அங்கே நின்றுவிடுவார். தள்ள மாட்டார். "தாலாட்டுப் பாடுங்க, இரண்டு வரி முடிய விடலாம்" என்றார். நான் பாடினேன், முதல் நாள் எனக்குக் குரலே வரவில்லை. மறுகா காதைத் தோளோடு சாய்க்கும் பயிற்சி, இறுகிய தசைக்கு எதிர்ப் பக்கமாக. இதை என் கையால் அவர் முன்னால் பல தரம் செய்ய வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார். பெம்பர்ஸ் மாற்றும் ஒவ்வொரு தரமும் செய்வேன். காசு ஒரு சதம் இல்லை.

வீட்டில் மெத்தையைத் திருப்பிப் போட்டோம், வாசலும் வெளிச்சமும் அவன் பார்க்காத பக்கம் வரும்படி. முழித்திருக்கும்போது எங்கள் ஊர்க் கைத்தறிச் சாரன் ஒன்றைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறப் போடுவேன், முன்னால் நானும் குப்புறப் படுத்துக்கொள்வேன். நித்திரைக்கு மட்டும் எப்போதும் நிமிர்த்தித்தான்.

8 மாதம் பிடித்தது. 14 மாதத்தில் கழுத்து நேரானது. பிடரியில் கொஞ்சம் தட்டை இன்றைக்கும் இருக்கிறது, முடி மறைக்கிறது. கடைசி நாள் டொக்டர் சொன்னார், "இரண்டு மாதத்தில் வந்திருந்தால் இது கொஞ்ச நாள் வேலை, தலையும் இப்படி ஆகியிருக்காது" என்று. உங்கள் மகளுக்கு ஏழு கிழமைதான், தங்கச்சி. நான் இவ்வளவு எழுதுவது அதற்காகத்தான்.

அவள் வலது பக்கம் பார்க்கிறாள் என்றால் இடது பக்கத் தசை இறுகியிருக்கலாம். தடவினால் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படவும் கூடும், பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் சில மாதத்தில் கரைந்துவிடும். வலது மார்பில் கொடுக்கும்போது அவளை மடியில் குறுக்கே போடாமல், வலது அக்குளுக்குள் இடுக்கி, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடித்துப் பாருங்கள். அவளுக்கு வசதியான பக்கமே முகம் வரும், குடிப்பாள்.

டொரொண்டோச் சகோதரி, உங்கள் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே ஆறுதலை நானும் அனுபவித்தேன். ஆனால் இந்தக் கொலிக் அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல், கிழமைக்கு 3 நாளுக்கு மேல், 3 கிழமைக்கு மேல் என்று 1954-இலேயே அமெரிக்க வைத்தியர்கள் இதற்கு அளவு வைத்தார்கள். ஆறாவது கிழமை அளவில் உச்சத்துக்கு ஏறும், மூன்று நான்கு மாதத்தில் தானாக இறங்கும். நாங்கள் எல்லோரும் பொறுக்க முடியாமல் ஓடுவது அந்த உச்சத்தில்தான். அதற்குப் பிறகு யார் கை வைத்தாலும், ஓம வோட்டர் கொடுத்தாலும், நூல் கட்டினாலும் அழுகை குறையத்தான் போகிறது.

நோர்வேயில் 86 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் கைரோபிராக்டர் செய்தார். மற்றப் பாதியை ஒரு தாதி 10 நிமிஷம் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். தன் பிள்ளைக்கு எது நடந்தது என்று தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாது. பிறகு கேட்டால், செய்த பக்கம் நூற்றுக்கு 70 பிள்ளைகளுக்குக் குறைந்தது, சும்மா தூக்கி வைத்திருந்த பக்கம் நூற்றுக்கு 60 பிள்ளைகளுக்குக் குறைந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவு என்பதுதான் முடிவு. 2012-இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுவும், அழுகை குறைந்ததாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றில் என்ன செய்தார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அதை நம்பி முடிவு சொல்ல முடியாது என்றது. விரல் நுனியால் மெதுவாக அழுத்தியதில் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. என் மகனுக்கும் அந்த டிக் டிக்கால் காயம் ஒன்றும் இல்லை. போனது நாலு மாதம். அந்த நாலு மாதத்தில்தான் தலை தட்டையானது.


வாழைச்சேனை மிஸ்ஸி

29 வருஷம் பிள்ளைகள் வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மருதமுனைத் தங்கச்சி எல்லாம் சொல்லிவிட்டார், நான் இரண்டு விஷயம் மட்டும்.

மகள், பிள்ளையை நெஞ்சில் போட்டபடி கதிரையில் நித்திரையாகாதீர்கள். களைப்பில் கை தளர்ந்தால் பிள்ளை நழுவும், மூச்சு அடைபடும். கண் சொக்கினால் மாமியிடம் கொடுங்கள், இல்லை என்றால் பிள்ளையைத் தட்டையான இடத்தில் நிமிர்த்திக் கிடத்திவிட்டு நீங்கள் சரியுங்கள். பத்து நிமிஷம் தனியே அழுதால் ஒன்றும் ஆகாது. கோபம் வந்து கை நடுங்கினாலும் அதையே செய்யுங்கள். பிள்ளையை உலுக்க மட்டும் கூடாது, அது யாருடைய கையாக இருந்தாலும்.

அழுகை எல்லாம் வாய்வும் இல்லை. காய்ச்சல் 38 பாகையோ அதற்கு மேலோ, பச்சையாகச் சத்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, உச்சி புடைப்பது, துவண்டு கிடப்பது, கவட்டில் அமுங்காத வீக்கம், இதில் ஒன்று இருந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அழும் பிள்ளையின் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். தாயின் தலைமுடி ஒன்று விரலில் சுற்றி இறுகி, விரல் நீலமாகிப்போய் வந்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். வீடு முழுக்க வயிற்றுக் குத்து என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.


ஆரையம்பதி மகள்

மிஸ்ஸி, வாசித்த கையோடு கால் விரல் பத்தையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கதிரையை அறையில் இருந்தே எடுத்துவிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை போகவில்லை. நேரத்தை ரத்துச் செய்தபோது அவர், "பிறகு வந்து அழக்கூடாது" என்றார். அன்று முழுக்க அந்தச் சொல் மனதில் கிடந்தது. ஆனால் மிட்வைஃப் அக்கா கடிதம் எழுதித் தந்தார், கல்லடிப் பாலம் தாண்டிப் போதனா வைத்தியசாலைக்கு நானும் மாமியும் போனோம். டொக்டர் இடது பக்கக் கழுத்தைத் தடவி என் விரலையும் வைக்கச் சொன்னார். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. இத்தனை நாளும் அந்த இடத்தில் பவுடர் போட்டிருக்கிறேன். இடுப்பையும் பார்த்தார்கள், ஸ்கேன் ஒன்றுக்கும் நாள் தந்திருக்கிறார்கள். முள்ளந்தண்டில் ஒன்றும் இல்லை என்றார்.

பயிற்சி தொடங்கி ஒன்பது நாள். மாமிதான் என்னைவிடக் கெட்டி. தோளைப் பிடிப்பது அவர், தலை என் கையில். இடது பக்கம் கிலுக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், நாவூறு நூலும் கையில்தான் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். மருதமுனை ராத்தா, நீங்கள் சொன்னபடி வலது பக்கம் அக்குளுக்குள் இடுக்கிக் கொடுத்ததும் முதல் நாளே குடித்தாள். அன்றைக்கு நான் அழுதேன். மச்சாளும் செய்திகளை வாசித்துவிட்டு, "எனக்கு இது தெரியாது, நீ செய்ததுதான் சரி" என்று குரல் அனுப்பினார்.

அழுகை இன்னும் இருக்கிறது. ஆனால் சில நாள் 8 மணிக்கே ஓய்கிறாள்.

ஒரு கேள்வி. பயிற்சி செய்யும்போது இரண்டு தரம் பாலைக் கக்கிவிட்டாள். நான் பால் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் செய்கிறேன், அதனாலா?


மருதமுனை உம்மா

அதனால்தான். வயிறு நிறைய வைத்துச் செய்யாதீர்கள். பால் கொடுத்து ஒரு மணித்தியாலமாவது போகட்டும், பசி தொடங்கவும் விடக்கூடாது, அழுதால் தசை இறுகும். எனக்கு வாய்த்த நல்ல நேரம் குளிப்பாட்டித் துடைத்த உடனே, உடம்பு சூடாக இருக்கும்போது. மிஸ் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் கூட்டாதீர்கள். அடுத்த கிளினிக்கில் அவர் முன்னால் செய்து காட்டுங்கள், கை பிழையாகப் போயிருந்தால் திருத்துவார். இடுப்பு ஸ்கேனுக்குத் தந்த நாளைத் தவற விடாதீர்கள். இரண்டு மாத ஊசிக்கும் நாள் வந்துவிட்டது அல்லவா, பிந்தாமல் போட்டுவிடுங்கள்.